‘என் கணினியில் ஓடுகிறதே!’ என்பது பதில் ஆகுமா?

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? முதலாம் ஆண்டுப் பிள்ளையும் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடும்: த, மி, ழ். மூன்று. இதே கேள்வியைப் பைத்தான் நிரல்மொழியிடம் கேட்டுப் பாருங்கள். ஐந்து என்று பதில் வரும். ‘மலேசியா’வைக் கேட்டால் நான்குக்குப் பதில் ஏழு என்று சொல்லும்.

கணினி தப்பாக எண்ணவில்லை. அது எண்ணுவது எழுத்துகளை அல்ல, யுனிகோட் குறியீடுகளை. ‘மி’ நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு மகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. ‘ழ்’ நமக்கு ஓர் எழுத்து; கணினிக்கு ழகரமும் அதன் மேல் புள்ளியும். ஆகவே தமிழில் சொல் விளையாட்டோ குறுக்கெழுத்துப் புதிரோ செய்ய நினைப்பவர், முதலில் எழுத்துகளைச் சரியாகப் பிரிக்கும் நிரல் ஒன்றை எழுதியாக வேண்டும்.

அதை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத வேண்டியதில்லை. ஒருவர் எழுதிப் பொதுவில் வைத்தால் மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தலாம். இப்படிப் பிறர் பயன்பாட்டுக்காக எழுதிக் கட்டி வைக்கும் நிரல் தொகுப்பைத்தான் ‘லைப்ரரி’, அதாவது நிரல் நூலகம் என்கிறோம். பைத்தானுக்குப் ‘பைபிஐ’, ஜாவாஸ்கிரிப்டுக்கு ‘என்பிஎம்’ என்று பொதுக் களஞ்சியங்கள் உள்ளன. ஒரே ஒரு கட்டளை போதும். உலகின் எந்த மூலையில் இருப்பவரும் உங்கள் நூலகத்தைத் தம் கணினியில் நிறுவிக்கொள்ளலாம்.

மகிழ்ச்சியான செய்திதான். பொறுப்பும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சனிக்கிழமைக் காலை

நானும் அப்படி ஒரு சிறு நூலகம் எழுதினேன். தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் எழுத்துகளைப் பிரித்துத் தரும். அதை வைத்து நண்பர் ஒருவர் மாணவர்களுக்காகச் சொல் விளையாட்டு ஒன்றைச் செய்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நூலகத்தில் ஒரு சின்னத் திருத்தம் செய்தேன். எழுத்துப் பட்டியலைத் தனிக் கோப்பாக மாற்றினேன். என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன், நன்றாக ஓடியது. கையாலேயே பொட்டலம் கட்டினேன், களஞ்சியத்தில் ஏற்றினேன், படுக்கப் போனேன்.

மறுநாள் காலை ஒரு தமிழாசிரியரிடமிருந்து செய்தி: “சார், விளையாட்டு திறக்கவே மாட்டேங்குது. பிள்ளைங்க எல்லாரும் மண்டபத்துல காத்துக்கிட்டு இருக்காங்க.” அன்று அந்தப் பள்ளியில் தமிழ் விழா. கணினிகளில் விளையாட்டை அன்று காலையில்தான் புதிதாக நிறுவியிருந்தார்கள். அதனால் என் புதிய பதிப்புதான் அவர்களுக்குக் கிடைத்தது.

என் முதல் பதில் என்ன தெரியுமா? “என் கணினியில் ஓடுகிறதே!”

உண்மைதான், ஓடியது. ஏனென்றால் அந்த எழுத்துப் பட்டியல் கோப்பு என் கணினியில் இருந்தது. பொட்டலத்தில் அதைச் சேர்க்க மறந்துவிட்டேன். பெயர்ப் பட்டியலை மேசையிலேயே விட்டுவிட்டு, வகுப்பறைக்குப் போய்ப் பெயர் கூப்பிட நின்ற கதை. கோப்பைச் சேர்த்து அதே பதிப்பு எண்ணில் மீண்டும் ஏற்ற முயன்றேன். பைபிஐ மறுத்துவிட்டது. ஒருமுறை ஏற்றிய கோப்பின் பெயரை, அதை அழித்துவிட்டாலும், மறுபடி பயன்படுத்த முடியாது என்பது அங்கே விதி. நல்ல விதிதான், இல்லாவிட்டால் ஒரே எண்ணின் கீழ் இன்று ஒரு நிரலும் நாளை வேறொரு நிரலும் இருக்கும், யாரும் எதையும் நம்ப முடியாது. புதிய எண்ணில் வெளியிட்டு முடிப்பதற்குள் மாணவர்கள் மண்டபத்தைவிட்டுக் கலைந்து போயிருந்தார்கள்.

பெரிய நட்டமில்லை. ஆனாலும் அன்று ஒன்றை முடிவு செய்தேன். நிரலைச் சோதிப்பதையும் வெளியிடுவதையும் இனி என் ஞாபகத்தை நம்பி விடக்கூடாது. அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட வேண்டும். நிரல் எழுதும் மாணவர்கள் ஒவ்வொருவரும் இதைப் பள்ளியிலேயே பழக வேண்டும் என்பதுதான் என் வாதம். அதே நேரம் இயந்திரத்திடம் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே பழக வேண்டும்.

வெறுங் கணினியில் ஒரு தேர்வு

சோதனை என்பதும் ஒரு நிரல்தான். ‘தமிழ் என்று கொடுத்தால் மூன்று வர வேண்டும், எஃகு என்று கொடுத்தாலும் மூன்று வர வேண்டும், ஒன்றும் கொடுக்காவிட்டால் சுழியம் வர வேண்டும்’ என்று எழுதி வைக்கிறோம். விடை மாறினால் அது உடனே கத்தும். தமிழின் 247 எழுத்துகளையும் ஒவ்வொன்றாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ‘ஒன்று’ என்ற விடை வருகிறதா என்று பார்க்கச் சொல்லலாம். நாம் உட்கார்ந்து பார்த்தால் ஐம்பதாவது எழுத்திலேயே கொட்டாவி வரும். இயந்திரம் கண் இமைப்பதற்குள் முடித்துவிடும். ஆயிரமாவது முறையும் அதே கவனத்தோடு முடிக்கும்.

இதைத் தானாக நடக்கச் செய்வது எப்படி? கிட்ஹப் போன்ற தளங்களில் நிரலை வைத்திருந்தால், அதனுடன் ஒரு சிறிய அமைவுக் கோப்பையும் வைக்கலாம். நிரலில் ஒரு வரி மாறினாலும் அந்தக் கோப்பிலுள்ள வேலைகள் தாமாகத் தொடங்கும். பொதுவில் திறந்து வைத்த திட்டங்களுக்குக் கிட்ஹப் இந்தச் சேவையை இலவசமாகவே தருகிறது. அப்போது நடப்பது இதுதான்: எங்கோ ஒரு புதிய, வெறுங் கணினி எழுப்பப்படுகிறது. அதில் உங்கள் பழைய கோப்புகள் இல்லை, நீங்கள் என்றோ நிறுவி மறந்துபோன எதுவும் இல்லை. அங்கே உங்கள் நூலகம் பொட்டலமாகக் கட்டப்படுகிறது, அந்தப் பொட்டலம் நிறுவப்படுகிறது, பிறகு சோதனைகள் ஓடுகின்றன. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும், பைத்தானின் பல பதிப்புகளிலும் ஒரே நேரத்தில் ஓட வைக்கலாம். எல்லாம் சரியென்றால் பச்சைக் குறி. ஒன்று தவறினாலும் சிவப்பு.

கவனியுங்கள்: நான் செய்த தவறு இந்த வெறுங் கணினியில் முதல் நொடியிலேயே பிடிபட்டிருக்கும். நான் சோதித்தது என் மேசையை. சோதித்திருக்க வேண்டியது, பிறர் கையில் போய்ச் சேரும் பொட்டலத்தை.

எட்டாவது கணினி

“சோதனை சரி. ஆனால் வெளியிடுவதைக் கையாலேயே செய்யலாமே? ஐந்து நிமிட வேலைதானே?” என்று நீங்கள் கேட்கலாம். அதற்குப் பதில் அமெரிக்காவில் இருக்கிறது.

2012 ஆகஸ்ட் 1. நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வணிக நிறுவனம் தன் புதிய நிரலை எட்டுக் கணினிகளில் ஏற்ற வேண்டியிருந்தது. ஊழியர் ஏழு கணினிகளில் சரியாக ஏற்றினார், எட்டாவது விடுபட்டுவிட்டது. இன்னொருவர் சரிபார்க்கும் முறை அங்கே இல்லை. எட்டாவது கணினியிலோ பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லாத பழைய நிரல் ஒன்று கிடந்தது. புதிய நிரலை இயக்குவதற்கான அதே சமிக்ஞை, அங்கே அந்தப் பழைய நிரலைத் தட்டி எழுப்பியது. சந்தை திறந்ததும் அது நிறுத்தாமல் பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. 45 நிமிடங்களில் நிறுவனத்துக்கு 460 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் இழப்பு. சில மாதங்களில் அந்த நிறுவனம் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது.

அந்த ஊழியர் சோம்பேறி அல்லர். எட்டு முறை ஒரே வேலையைச் செய்யும் எந்த மனிதருக்கும் ஒருமுறை கை தவறும். தவறு மனிதரிடம் இல்லை. மனிதரின் ஞாபகத்தை நம்பி அமைத்த முறையில் இருக்கிறது. கட்டுதல், எண் இடுதல், ஏற்றுதல், சரிபார்த்தல் ஆகிய வெளியீட்டுப் படிகளை ஒருமுறை எழுதி வைத்தால், இயந்திரம் எட்டு முறையும் எண்பது முறையும் அதே வரிசையில் செய்யும். எட்டில் ஒன்று விடுபட்டால் அதுவே சொல்லும்.

இன்னொரு நன்மையும் உண்டு. கையால் ஏற்றுவதற்கு ஓர் இரகசியச் சாவி வேண்டும், அது யாராவது ஒருவரின் மடிக்கணினியில் கிடக்கும், திருடு போகும். பைபிஐ 2023-இல் வேறொரு வழியைக் கொண்டுவந்தது. ‘இது இன்ன திட்டத்தின் இன்ன வேலைதான்’ என்று கிட்ஹப் சான்று சொல்ல, களஞ்சியம் சில நிமிடங்கள் மட்டுமே செல்லும் ஒரு சாவியைத் தரும். அந்த நேரம் முடிந்ததும் அந்தச் சாவி செத்துவிடும். இரவில் யாரும் திருடிக்கொண்டு போக அங்கே ஒன்றும் இருக்காது.

பச்சைக் குறியும் பொய் சொல்லும்

இதுவரை படித்துவிட்டு, ‘அப்படியானால் எல்லாவற்றையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும்’ என்று நினைத்தால் அடுத்த பள்ளத்தில் விழுவீர்கள்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை நண்பகல் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஏர்ஆசியா பயணிகள் நீண்ட வரிசையில் நின்றார்கள். சாங்கி விமான நிலையத்திலும் சில நிறுவனங்கள் பயணப் பதிவைக் கையால் செய்தன. உலகெங்கும் சுமார் 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு முடங்கின என்று மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. காரணம், கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சிறிய புதுப்பிப்பு.

அந்த நிறுவனத்திடம் தானியங்கிச் சோதனை இல்லையா? இருந்தது. புதுப்பிப்பும் அதில் தேறித்தான் வந்தது. பிறகு நிறுவனமே வெளியிட்ட ஆய்வில் காரணம் தெரிந்தது. புதுப்பிப்பு 21 தரவுகளை எதிர்பார்த்தது. கணினியில் இருந்த மென்பொருள் 20 மட்டுமே கொடுத்தது. சரிபார்க்கும் கருவியும் 21 வரும் என்றே நம்பியிருந்தது. முந்தைய சோதனைகளில் அந்த 21-ஆம் இடத்தில் ‘எதுவானாலும் சரி’ என்று விட்டிருந்ததால் குறை வெளியே தெரியவில்லை. எல்லாம் பச்சை. அதைவிடப் பெரிய பிழை, முதலில் ஆயிரம் கணினிகளுக்கு, பிறகு பத்தாயிரத்துக்கு என்று படிப்படியாக அனுப்பாமல், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியது. நிறுவனம் 78 நிமிடங்களில் புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றது. ஆனால் விழுந்த கணினிகளைப் பல இடங்களில் ஆள் போய் ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

தானியக்கம் நல்லதையும் வேகமாகக் கொண்டு சேர்க்கும். கெட்டதையும் அதே வேகத்தில் கொண்டு சேர்க்கும். பச்சைக் குறிக்கு ஒரே பொருள்தான்: ‘நீ கேட்ட கேள்விகளுக்குச் சரியான விடை வந்தது.’ கேட்காத கேள்வியைப் பற்றி அது வாய் திறக்காது.

என் சிறிய நூலகத்திலும் இது உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒன்றாகச் சேர்த்து எழுதலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றியபின் ஒப்பிடாவிட்டால், மாணவர் சரியான விடையைத் தட்டினாலும் விளையாட்டு ‘தவறு’ என்று சொல்லும். இதைச் சோதனையாக எழுத, இப்படி ஒரு சிக்கல் உண்டு என்று முதலில் தமிழ் தெரிந்த மனிதருக்குத் தோன்ற வேண்டும்.

இன்னும் ஒன்று. ‘கௌதமன்’ என்பதற்குப் பலர் ‘கெளதமன்’ என்று, ஔகாரக் குறிக்குப் பதில் ளகரத்தையே தட்டிவிடுகிறார்கள். முதலாவது நான்கு எழுத்து, இரண்டாவது ஐந்து. நூலகம் பிழையைத் திருத்தி நான்கு என்று சொல்ல வேண்டுமா? எழுதியபடியே எண்ணி ஐந்து என்று சொல்ல வேண்டுமா? எழுத்துக்கூட்டல் பயிற்சிக்கு ஐந்து என்பதே சரி. பெயர் தேடும் செயலிக்கு நான்கு வசதி. இதற்கு எந்த இயந்திரத்திடமும் விடை இல்லை. யாருக்காக எழுதுகிறோம் என்று தெரிந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவைச் சோதனையாக எழுதி வைத்தால், பிறகு அதை இயந்திரம் காக்கும்.

அரை நொடித் தாமதம்

‘எக்ஸ்இசட்’ என்பது லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் நூலகம். 2024 மார்ச் மாத இறுதியில் அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டு வாசல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நல்லவர்போல் உதவி செய்து, வெளியிடும் உரிமை வரை பெற்ற ஒருவர் வைத்தது அது. தீய நிரலைச் சோதனைக்கான மாதிரிக் கோப்புகளுக்குள்ளேயே ஒளித்திருந்தார். யார் சோதனைக் கோப்பைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்? அதை இயக்கும் முக்கியத் துண்டோ பொதுவில் தெரிந்த மூலநிரலில் இல்லை. வெளியீட்டுப் பொட்டலத்தில் மட்டும் சேர்த்திருந்தார்.

பொட்டலத்தை ஒரு மனிதர் தன் கணினியில் கட்டி ஏற்றும் வழக்கம் இருந்ததால்தான், எல்லாரும் பார்க்கும் நிரல் ஒன்று, எல்லாருக்கும் போகும் நிரல் வேறொன்று என்ற இடைவெளி உண்டானது. பொதுவில் உள்ள மூலநிரலிலிருந்தே இயந்திரம் பொட்டலம் கட்டினால் அந்த இடைவெளி பெருமளவு மூடப்படும். இது தானியக்கத்துக்கு ஆதரவான வாதம்.

ஆனால் அந்தச் சதியைக் கண்டுபிடித்தது எந்தத் தானியங்கியும் அல்ல. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தபோது, தொலைக் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். ‘பரவாயில்லை’ என்று விடாமல் ஏன் என்று தோண்டினார். அந்த நிரல் பல லினக்ஸ் அமைப்புகளின் நிலையான பதிப்புகளுக்குள் பரவும் முன் பிடிபட்டது. சோதனையில் எழுதப்படாத ஒன்றைக் கவனித்த மனிதர் அவர். இயந்திரத்துக்கு அலுப்பு வராது. ஆனால் சந்தேகமும் வராது.

பள்ளியில் என்ன செய்யலாம்?

“நான் படிவம் மூன்று மாணவன். என் நிரலை யார் பயன்படுத்தப் போகிறார்கள்?” என்று கேட்காதீர்கள். 2016 மார்ச்சில், ‘லெஃப்ட்பேட்’ என்ற 11 வரி நூலகம் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டபோது, அதை நம்பியிருந்த பெரும் திட்டங்கள் பலவும் கட்டப்பட முடியாமல் நின்றன. தம் திட்டம் அதை நம்பி நிற்கிறது என்பதே பலருக்கு அன்றுதான் தெரியும். வரிகளின் எண்ணிக்கை சிறிதாக இருக்கலாம். அதன்மேல் சாய்ந்திருப்பவர் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரிவதில்லை.

இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நிரலை எழுதித் தந்துவிடுகிறது. அதனால் சோதனையின் தேவை குறையவில்லை, கூடியிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: நிரலையும் அதற்கான சோதனையையும் ஒரே கருவியிடம் எழுதச் சொன்னால், நிரலில் உள்ள தவறான புரிதலே சோதனையிலும் புகுந்துவிடலாம். வினாத்தாளையும் விடைத்தாளையும் ஒரே மாணவரே எழுதினால் நூறு மதிப்பெண் வருவதில் என்ன வியப்பு? எதிர்பார்க்கும் விடை என்ன என்பதையாவது உங்கள் கையால் எழுதுங்கள்.

இந்த வாரமே தொடங்கலாம். நீங்கள் ஏற்கெனவே எழுதிய ஒரு நிரலை எடுங்கள். மூன்று சோதனைகள் போதும். ஒன்று சாதாரணமானது. இன்னொன்று எல்லையில் நிற்பது: வெற்றுச் சொல், சுழியம், மிக நீண்ட பெயர். மூன்றாவது, தவறான உள்ளீடு: எண் கேட்ட இடத்தில் எழுத்து. பிறகு வேண்டுமென்றே நிரலில் ஒரு பிழையை நுழையுங்கள்; சோதனை சிவப்பாக மாறுகிறதா? மாறாவிட்டால் அந்தச் சோதனை அலங்காரத்துக்கு மட்டும்தான். அதன்பின் அதைத் தானாக ஓடும்படி அமையுங்கள். வெளியிடும் கட்டத்தில் மட்டும் ஒரு மனிதர் ‘சரி’ என்று அழுத்தும் படியை விட்டு வையுங்கள். முடிந்தால் அது உங்கள் நண்பராக இருக்கட்டும்.

ஆசிரியர்களுக்கும் போட்டி நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். புத்தாக்கப் போட்டிகளில் நாம் பெரும்பாலும் மேடையில் செயலி அழகாக ஓடுகிறதா என்று பார்த்துப் பரிசு கொடுக்கிறோம். அந்த ஐந்து நிமிடம் ஓடினால் போதும் என்று மாணவர்களும் பழகிவிடுகிறார்கள். இனி ஒரு கேள்வியைச் சேர்ப்போம்: “இது எப்போது உடையும்? உடைந்தால் உனக்கு எப்படித் தெரியும்?” அதற்கும் மதிப்பெண் கொடுப்போம். அழகான திரையைவிட அந்த விடை மாணவருக்கு நீண்ட நாள் உதவும்.

என் நூலகத்தின் புதிய பதிப்புகளை இப்போது இயந்திரம்தான் வெளியிடுகிறது. பச்சைக் குறி வந்த பிறகும் நான் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் எதையும் வெளியிடுவதில்லை. மண்டபத்தில் காத்திருந்த பிள்ளைகளுக்கு என் கணினியில் ஓடியது எந்த வகையிலும் ஆறுதல் தரவில்லை. அவர்கள் கணினியில் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர், நிரலுக்குத் தன் பெயரைப் போட்டவர்.